துறைமுகம் இல்லாத துறைமுகப் பட்டினம்

கப்பல் ஒதுங்க வசதியான இடத்தில்தான் துறைமுகப் பட்டினம் தோன்றும் என்று நினைப்பது இயற்கை. சென்னைப் பட்டினத்தின் சரித்திரமோ இதற்கு நேர் விரோதம். 1639-ஆம் ஆண்டில், கிழக்கிந்தியக் கம்பெனியின் உத்தியோகஸ்தரான பிரான்ஸிஸ் டே, தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரிடம் இந்தக் கடற்கரைத் துண்டைப் பெற்றபோது, இங்கே வளைகுடாவும் இல்லை, காற்றுக்கு மறைவும் இல்லை. மணலும் ஓயாத அலையுமே இருந்தன.

பின் எதற்காக இந்த இடம்? பக்கத்துச் சாந்தோமில் டே துரைக்கு ஒரு காதலி இருந்தாள் என்று பழைய வம்பு ஒன்று உண்டு. நான் கதை எழுதிப் பிழைக்கிறவன்; இப்பேர்ப்பட்ட வம்பைத் தள்ளிவிட எனக்கு மனம் வராது. ஆனால் காதலுக்காகக் கம்பெனி பணம் கொடுக்குமா? இங்கே துணி மற்ற இடங்களைவிட நூற்றுக்கு 20 பங்கு மலிவு என்று டே எடுத்துச் சொன்னார். கம்பெனிக்குப் புரிகிற பாஷை அதுதான்.

1640-ல் கோட்டை எழத் தொடங்கியது. அதற்கு வடக்கே நெசவாளரும் சாயக்காரரும் வந்து குடியேறினார்கள். அந்தக் குடியிருப்பு கறுப்பர் பட்டணம் எனப் பெயர் பெற்றது. நாளடைவில் தறிகள் இன்னும் வேண்டியிருந்தன. கவர்னர் காலெட் காலத்தில் திருவொற்றியூர் அருகே நெசவாளருக்கென்று ஒரு பேட்டை உண்டாயிற்று. துரையின் பெயர் நம்மவர் நாவில் பட்ட பாட்டில் அது காலாடிப்பேட்டை ஆகிவிட்டது! 1734-ல் இன்னொன்று எழுந்தது. சின்னத் தறிப்பேட்டை என்ற அதுதான் சிந்தாதிரிப்பேட்டை.

சரி, துணி தயார். கடலில் தள்ளி நிற்கும் கப்பலுக்கு மூட்டைகள் போவது எப்படி? சீமைப் படகு இந்த அலையில் நொறுங்கிவிடும். மசூலாப் படகுக்கு ஆணி கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை மோதினால் நெளிந்து கொடுக்கும், பிளக்காது. கவிழ்ந்தால் தூக்கிவிடக் கட்டுமரக்காரர்கள் கூடவே வருவார்கள். இருநூறு வருஷத்துக்கு மேல் சென்னையின் துறைமுகம் அந்தக் கயிறும் அந்தத் தோள்களுமே. கவர்னர் துரையானாலும் அவர்களை நம்பி, நனைந்துகொண்டுதான் கரையேற வேண்டும்.

இந்த மனிதர்களுக்குக் கிடைத்த கைம்மாறு என்ன? 1746-ல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தார்கள். கறுப்பர் பட்டணத்தில் ஒரு பகுதியை இடித்தார்கள். 1749-ல் ஊரைத் திரும்பப் பெற்ற ஆங்கிலேயர், பீரங்கிக்கு முன்னால் வெட்டவெளி வேண்டுமென்று மிச்சத்தையும் இடித்தார்கள். ஜனங்கள் வடக்கே நகர்ந்தார்கள். அங்கே வளர்ந்ததுதான் இன்றைய ஜார்ஜ் டவுன். இனி இங்கே கட்டடம் எழும்பக்கூடாது என்று 1773-ல் நட்ட எல்லைக்கற்களில் ஒன்று பாரிமுனையில் இன்னும் நிற்கிறது. வீடிழந்தவர்களின் மனைமேல் 1892-ல் எழுந்தது எது தெரியுமா? ஹைகோர்ட்டு!

துறைமுக வேலை 1876-லேதான் ஆரம்பித்தது. 1881-ஆம் வருஷத்துப் புயல் கடல் சுவர்களைச் சிதைத்தது, மறுபடி கட்டினார்கள். அந்தச் சுவர் தடுத்த மணல் தெற்கே குவிந்து மெரினா அகன்றது. வடக்கே ராயபுரத்துக் கரையைக் கடல் அரித்தது. கப்பல் கரையோரம் வந்து நின்றதும் மசூலாப் படகுக்கு வேலை போயிற்று.

துறைமுகம் வந்து பட்டினம் வளரவில்லை. தறிக்காரரும் படகுக்காரரும் வளர்த்த பட்டினம் பிற்பாடு ஒரு துறைமுகத்தைக் கட்டிக்கொண்டது. கோட்டையை நாம் காப்பாற்றி வைத்திருக்கிறோம். தறிக்கு மிஞ்சியிருப்பது, பஸ்ஸில் டிக்கெட் கேட்கும்போது நாம் சொல்லுகிற ஒரு பேட்டையின் பெயர்தான்.