ஆயுதப் பெட்டி

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் ஓடுகின்ற பிக்கப் வாகனங்களின் பின்தட்டில், சாரதியின் முதுகுப் பக்கமாக, ஒரு பெட்டி பூட்டப்பட்டிருப்பதை ஊருக்கு வந்து சென்ற வாசகர்கள் கண்டிருப்பார்கள். ஸ்பானர், ஜக்கு, கயிறு, கம்பித்துண்டு, ஒரு போத்தல் எண்ணெய், நாலைந்து பழைய துணி ஆகியவற்றுக்கான பெட்டி அது. தச்சரும் கொல்லரும் தங்கள் கருவிகளை ஆயுதம் என்றே சொல்வார்கள். நவராத்திரியில் சந்தனம் தொட்டு, பூ வைத்து நாம் செய்வதும் ஆயுதபூசைதான். என் சிறு வயதில் லொறிக்காரர்கள் இந்தப் பெட்டியையும் ஆயுதப் பெட்டி என்றே அழைக்கக் கேட்டிருக்கிறேன். இன்று எவரும் அப்படிச் சொல்வதில்லை. 'டூல்ஸ் பெட்டி' என்கிறார்கள், அல்லது 'சாமான் பெட்டி'. ஒரு சொல் வழக்கொழிந்ததன் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. கச்சேரிப் பதிவேடுகளிலோ ஆளுநர்களின் அறிக்கைகளிலோ அது கிடைக்காது என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் நிலத்தைச் சொல்ல வேண்டும். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்கு வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கிறது வாவி. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான ஒடுங்கிய நிலம் எழுவான்கரை. சூரியன் படுகின்ற மேற்குப் பக்கம் படுவான்கரை. நகரம், கடைகள், கராஜ்கள், இரும்புச் சாமான் வியாபாரம் எல்லாம் எழுவான்கரையில். வேளாண்மையும் குளங்களும் மாட்டுப்பட்டிகளும் படுவான்கரையில். (எங்கள் பகுதியில் வேளாண்மை என்றால் நெல்தான், வேறு பயிரைச் சொன்னால் அதன் பெயரைத் தனியாகச் சொல்வார்கள்.) இயந்திரம் பழுதாவது ஒரு கரையில், அதைத் திருத்துபவன் இருப்பது மறுகரையில். நடுவே தண்ணீர். கொக்கட்டிச்சோலைக்கு அப்பால் ஒரு வயல் வரம்பில் வாகனம் நின்றுவிட்டால், கையில் உள்ளதைக் கொண்டுதான் மீள வேண்டும். பிற இடங்களில் வசதியாக இருந்த பெட்டி இங்கே அவசியமாக இருந்தது.

மாட்டுக் கரத்தைக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கரத்தை என்ற சொல்லே போர்த்துக்கேயர் விட்டுச் சென்றது. அச்சுக்கு இடுகின்ற எண்ணெய்யும் ஒரு வாய்ச்சியும் கயிறும் இருந்தால் போதும். மிகுதியைக் காட்டில் வெட்டிக்கொள்ளலாம். இரும்பு இயந்திரம் வந்த பிறகே அந்த வசதி இல்லாமற் போயிற்று. கல்லடியில் 1924இல் ஆளுநர் மானிங்கின் மனைவியின் பெயரால் இரும்புப் பாலம் அமைந்தது. 1928இல் புகையிரதம் மட்டக்களப்பை வந்தடைந்தது. அதன் பின்னரே மோட்டார் வாகனங்கள் இப்பகுதியில் பெருகின. பழைய லொறிகளில் அடிச்சட்டத்தின் பக்கவாட்டில் ஒரு மரப்பெட்டி தொங்கும். பாலை மரத்தில் செய்த அத்தகைய பெட்டியொன்று, லொறி இரும்புக் கடைக்குப் போன பின்பும் ஒரு வீட்டில் கோழிக்கூடாக இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இயந்திரங்கள் பெருந்தொகையாக வந்தது 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்துடன். இங்கினியாகலையில் அணை கட்டியது மொறிசன் நூட்சன் என்ற அமெரிக்க நிறுவனம். அம்பாறை அப்போது மட்டக்களப்பு மாவட்டத்தின் ஒரு பகுதி. 1961இல்தான் தனி மாவட்டமாயிற்று. அடுத்த பதிற்றாண்டுகளில் வயலுக்குள் இறங்கிய இரு சக்கர உழவு இயந்திரத்தை எந்த நிறுவனம் செய்திருந்தாலும் எங்கள் விவசாயிகள் 'லாண்ட்மாஸ்டர்' என்றே அழைத்தார்கள். அது ஓர் ஆங்கிலக் கம்பனியின் பெயர். ஜப்பானிய இயந்திரங்கள் வந்தும் சீன இயந்திரங்கள் வந்தும் பெயர் மாறவில்லை. அதன் இழுவைப் பெட்டியில் சாரதி அமரும் பலகைக்குக் கீழே சாக்கில் சுற்றிய சில சாவிகள் கிடக்கும். 1970க்கும் 1977க்கும் இடையில் இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. நல்ல ஸ்பானர் ஒன்றை வைத்திருந்தவர் அதை இரவல் கொடுக்கமாட்டார். பூட்டு அந்தக் காலத்துக்கு உரியது. 1977இன் திறந்த பொருளாதாரத்துக்குப் பிறகு ஜப்பானியப் பாவித்த வாகனங்கள் வந்தன. அவற்றோடு பிக்கப்பும் சாதாரண மனிதனின் கைக்கு எட்டியது.

பிறகு 1990 ஜூன். போர் மீண்டும் தொடங்கியதும் வாவி ஓர் எல்லையாயிற்று. எழுவான்கரை பெரும்பாலும் அரச படைகளின் கட்டுப்பாட்டிலும் படுவான்கரையின் பெரும்பகுதி நீண்ட காலம் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலும் இருந்தன. பாலங்களிலும் பாதை இறங்குதுறைகளிலும் சோதனைச் சாவடிகள் முளைத்தன. (புலம்பெயர்ந்த இளைய வாசகர்களுக்காக: இங்கே பாதை என்றால் வீதியல்ல, வாகனங்களையும் மனிதரையும் ஏற்றி வாவியைக் கடக்கும் தட்டையான மிதவை.) எரிபொருள், பற்றரி, யூரியா, சீமெந்து போன்றவை மறுகரைக்குப் போவது தடுக்கப்பட்டது அல்லது அளந்து விடப்பட்டது. மறுகரையில் புலிகளின் சோதனையும் வரியும் காத்திருந்தன. அவசரத்துக்கு வாகனத்தையே கேட்டு எடுத்துக்கொள்ளும் வழக்கமும் இருந்தது.

பின்தட்டிலிருந்த பெட்டி இந்த இரு சோதனைகளுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டது. அதில் மின்கம்பித் துண்டு இருக்கும். ரோர்ச்சுக்கான பற்றரி இருக்கும். ஒரு கலனில் சிறிது டீசல் இருக்கும். ஒரு திருத்துநருக்கு அவை அன்றாடச் சாமான்கள். சாவடியில் நிற்பவருக்கு அவை வேறு பொருள் தரும். மொழியும் உதவிக்கு வரவில்லை. சிங்களத்திலும் 'ஆவுத' என்ற சொல் கருவிக்கும் போர்க்கலத்துக்கும் ஒருசேர வழங்குகிறது. 'அது என்ன பெட்டி?' என்று கேட்டால், தமிழிலோ சிங்களத்திலோ, பழக்கத்தில் வருகின்ற உண்மையான பதிலைச் சொல்ல முடியாது. 1990களின் நடுப்பகுதியில் செய்தி சேகரிக்கச் சென்றபோது நான் ஏறியிருந்த வாகனத்தின் சாரதி, சாவடி வருவதற்கு முன்பே, 'ஐயா, கேட்டா சாமான் பெட்டி எண்டு சொல்லுங்க' என்று என்னை எச்சரித்தார். அந்தச் சொல் எப்படி மறைந்தது என்பதற்கு என்னிடம் உள்ள சாட்சி அவ்வளவுதான்; ஆயினும் அந்த ஒன்றே போதும் என்று நினைக்கிறேன்.

பூட்டும் போயிற்று. திறப்பைத் தேடித் திறக்கும்வரை பின்னால் நிற்கும் வாகனங்களும் மனிதரும் வெயிலில் காயவேண்டும். தாமதமே ஐயத்தைக் கிளப்பும். ஆகவே சிலர் பெட்டியின் மூடியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போனார்கள். சிலர் பெட்டியையே கழற்றினார்கள். வேறு சிலர் இரு கரைகளிலும் உறவினர் வீடுகளில் தனித்தனியாகச் சாமான்களை வைத்துவிட்டு, வெறும் பின்தட்டுடன் ஆற்றைக் கடந்தார்கள். (நாங்கள் வாவியை ஆறு என்றும் சொல்வதுண்டு.) எண்ணிப் பாருங்கள்: சாவடியைக் கடப்பதற்காக வெறுங்கையுடன் போகிறவர், வாகனம் நடுவழியில் நின்றால் என்ன செய்வார்? பிள்ளைப்பேற்றுக்குக் கொண்டுவரும் பெண் வண்டியில் இருந்தால்? அந்த ஆண்டுகளின் துன்பங்களை உயிரிழப்புக் கணக்கில் மட்டும் பார்த்துப் பழகிவிட்டோம். ஒரு 14ஆம் இலக்க ஸ்பானர் கையில் இல்லாததால் விளைந்தவை எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானது. பொருட்கள் மீதான தடைகள் பெரும்பாலும் தளர்ந்தன. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை எழுவான்கரையைத் தாக்கியது. அதன் பின் வந்த தொண்டு நிறுவனங்களின் வெள்ளை நிற இரட்டை ஆசன 'கெப்' வாகனங்களை அறியாதவர் இங்கில்லை. 2006இல் மீண்டும் போர், 2007 ஜூலையில் குடும்பிமலை வீழ்ந்தது, படுவான்கரை முழுவதும் அரச கட்டுப்பாட்டுக்கு வந்தது. 2013இல் கல்லடியில் புதிய பாலம், 2014இல் மண்முனைப் பாலம், இரண்டும் ஜப்பானிய உதவியில். மண்முனையில் பாதைக்காகக் காத்திருந்த வாகனங்கள் சில நிமிடங்களில் வாவியைக் கடக்கத் தொடங்கின. பின்தட்டுகளில் பெட்டிகள் திரும்பி வந்தது இந்த ஆண்டுகளில்தான். இந்தியாவின் டாட்டா ஏஸ், இங்கே 'பட்டா' என்ற பெயரில், சிறு வியாபாரிகளிடம் பரவியதும் ஏறக்குறைய அதே காலம்.

திரும்பி வந்த பெட்டியை எப்படித் தெரிவு செய்கிறார்கள், எப்படிப் பொருத்துகிறார்கள் என்பது அலட்சியப்படுத்தக்கூடிய விடயமன்று. கனடாவிலும் அமெரிக்காவிலும் உள்ள வாசகர்கள், பின்தட்டின் இரு பக்கச் சுவர்களின் மேலும் குறுக்காகத் தங்கி நிற்கும் அலுமினியப் பெட்டியைப் பார்த்திருப்பார்கள். அதன் கீழே பலகை நீட்டி வைக்க இடம் இருக்கும். அகன்ற அமெரிக்க வண்டிக்கு அது பொருந்தும். எங்கள் விவசாயிக்கு அந்த உயரத்தில் ஒரு பெட்டி நின்றால் நெல் மூடை அடுக்க முடியாது. இரட்டை ஆசன வண்டியின் பின்தட்டு நீளம் ஏறத்தாழ ஐந்து அடிதான். அதில் ஒன்றரை அடியைப் பெட்டிக்குக் கொடுப்பது பெரிய தியாகம். லொறியைப் போல் பக்கவாட்டில் கீழே தொங்கவிட்டால் இடம் மிச்சம். ஆனால் மார்கழி வெள்ளத்தில் படுவான்கரை வீதிகள் பல தண்ணீருக்குள் போய்விடும், பெட்டியும் போகும். ஆகவே தட்டின் தரையில், சாரதி அறையை ஒட்டி, பக்கச் சுவரைவிட உயராத பெட்டியே இங்கே நிலைத்தது. பாரம் பின் அச்சுக்கு முன்னால் விழுவதும் வண்டிக்கு நல்லது.

உலோகத்தில்தான் வாதம். நான்கு அடி நீளம், ஒன்றரை அடி அகலமும் உயரமும் கொண்ட பெட்டியை 2 மில்லிமீற்றர் இரும்புத் தகட்டில் செய்தால் வெறும் பெட்டியே சுமார் 40 கிலோ வரும். அதே கனத்தில் அலுமினியத்தில் சுமார் 14 கிலோதான் வரும். அலுமினியம் துருப்பிடிக்காது, உண்மை. ஆனால் அதை இரும்புத் தட்டின் மீது நேரடியாக வைத்து இரும்புப் போல்ட்டால் முறுக்கினால், உப்பு ஈரம் இடையில் புகுந்து, இரு உலோகங்களுக்கும் இடையே ஒரு சிறு மின்கலமே உண்டாகிவிடும். அலுமினியம் வெண்மாவாகப் பொரிந்து அரிக்கப்படும். உவர் காற்று வீசும் எழுவான்கரையில் இது விரைவாக நடக்கிறது. அடியில் பழைய ரயர் ரியூப் துண்டு விரித்து, போல்ட்டுக்கு நைலோன் வாஷரும் உறையும் கொடுத்தால் பெருமளவு தப்பலாம்.

நம்மவரில் பலர் கராஜில் கொண்டுபோய், தட்டோடு சேர்த்து வெல்டிங் அடித்துவிடுகிறார்கள். திருடன் கழற்ற முடியாது என்பது நியாயம். எனக்கு இது உடன்பாடில்லை. வெல்டிங் சூட்டில் வர்ணமும் நாகப் பூச்சும் எரிந்துபோன இடத்தில்தான் முதல் துரு தொடங்கும். சில மாரிகளில் பெட்டி தப்ப, தட்டு ஓட்டையாகும். போல்ட்டே மேல். துளையிடுவதற்கு முன் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்க வேண்டும்: எரிபொருள் தாங்கி எங்கே, பிரேக் குழாய் எங்கே, மின்கம்பி எங்கே என்று. தகட்டின் மெல்லிய பள்ளத்தில் அல்லாமல் குறுக்குச் சட்டத்தை அண்டித் துளையிட்டு, கீழே ஒரு கனத்த இரும்புப் பட்டி வைத்து முறுக்கினால் குழி வீதியில் தகடு கிழியாது. துளையின் வெட்டு விளிம்புக்குத் துருத்தடுப்பு வர்ணம் பூசாமல் போல்ட்டை இறக்கவே கூடாது. நட்டு, அதிர்வில் கழலாத நைலோன் வளையம் உள்ளதாக இருக்க வேண்டும். பெட்டியின் அடியில் மூலைக்கொன்றாகச் சிறு துளை. மூடியின் விளிம்பில் இறப்பர். இறப்பர் போட்டால் தண்ணீர் வராதே, துளை எதற்கு என்று கேட்பார்கள். மார்கழியில் எங்கிருந்தும் தண்ணீர் வரும்.

2019 ஏப்ரல் 21இல் நகரில் சீயோன் தேவாலயம் தாக்கப்பட்ட பின்னர் சாவடிகள் மீண்டும் தோன்றின. பெட்டிகள் மீண்டும் திறந்து காட்டப்பட்டன. நடுத்தர வயதுச் சாரதிகள் கேட்கும் முன்னரே இறங்கி மூடியைத் தூக்கியதையும், இளையவர்கள் திறப்பைத் தேடிக்கொண்டு நின்றதையும் ஒரே வரிசையில் பார்த்தேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கான தடை 2025 பெப்ரவரியில்தான் நீங்கியது. அந்த ஐந்து ஆண்டுகளில் பழைய பிக்கப்புகளின் விலை ஏறியது, அவற்றைத் திருத்தித் திருத்தி ஓட்டியதால் பெட்டிக்குள் இருப்பவற்றின் மதிப்பும் ஏறியது. 2022இல் எரிபொருள் வரிசைகளில் இரவு பகலாகக் காத்திருந்தபோது பெட்டிக்குள் சோற்றுப்பார்சலும் தண்ணீர்ப் போத்தலும் இருந்தன. காலிக் கலன் களவு போகாமல் பூட்டும் இருந்தது.

படுவான்கரையில் எனக்குத் தெரிந்த ஒரு லாண்ட்மாஸ்டர் திருத்துநர், வயது அறுபதைத் தாண்டியவர், சென்ற ஆண்டு தன் பழைய பிக்கப்புக்குப் புதிதாகப் பெட்டி செய்வித்தார். இரும்புதான், அலுமினியத்தை அவர் நம்பமாட்டார். கொண்டியும் வளையமும் உண்டு, பித்தளைப் பூட்டும் தொங்குகிறது, ஆனால் பூட்டப்படவில்லை. திறப்பு எங்கே என்று கேட்டேன். வீட்டில் இருக்கிறதாம். 'களவு போனா வாங்கலாம்' என்றார், சாக்கிலிருந்து ஸ்பானர்களை எடுத்து இலக்க வரிசையில் அடுக்கியபடி.