இன்லே ஏரியில் நான் எடுத்த படம்

என் போனில் ஒரு படம் இருக்கிறது. 2019 டிசம்பரில், பர்மாவின் ஷான் மாநிலத்தில், இன்லே ஏரியில் எடுத்தது. விடியற்காலை. ஒல்லியான படகின் முனையில் ஒருவர் ஒற்றைக்காலில் நிற்கிறார். இன்னொரு காலால் கூம்பு வடிவ மூங்கில் கூடையைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். பின்னால் பனிமூட்டம். இன்ஸ்டாவில் போடும்போது "ஆயிரம் வருஷமா மாறாத வாழ்க்கை" என்று எழுதினேன். நல்லா லைக் வந்தது.

அந்த வரி தப்புன்னு புரிய எனக்குக் கொஞ்ச காலம் ஆச்சு.

முதல் விஷயம், அவர் மீன் பிடிக்கவே இல்லை. டூரிஸ்ட் படகுகளுக்காகக் காத்திருந்து போஸ் கொடுப்பதுதான் அவர் வேலை. நானும் சில ஆயிரம் க்யாட் கொடுத்தேன். நிஜமாக மீன் பிடிப்பவர்கள் தூரத்தில் இருந்தார்கள். துடுப்பைக் காலால் சுற்றிப் பிடித்து, நின்றபடி வலிப்பார்கள். ஏரி முழுக்கப் பாசியும் நாணலும்; உட்கார்ந்தால் வழி தெரியாது, நின்றால் தெரியும். கையும் வலைக்கு மிச்சம். கூடையை ஏரித் தரை வரை இறக்கி, உள்ளே கோலால் குத்திக் கலக்குவார்கள். மிரண்ட மீன் வலையில் மாட்டும். ஆழம் குறைவான ஏரி என்பதால்தான் இது நடக்கும். காலால் துடுப்பு போடுவது ஆண்கள்தான்; பெண்கள் உட்கார்ந்து வலிக்கிறார்கள்.

இந்த மக்களின் பெயர் இந்தா. 'இன்' என்றால் ஏரி, 'தா' என்றால் பிள்ளை. ஏரியின் பிள்ளைகள். ஆனால் இவர்களே வந்தேறிகள்தான் என்கிறது இவர்களுடைய கதை: தெற்கே கடலோரத் தாவேயிலிருந்து முன்னோர் வந்தார்களாம். மொழியில் அதற்கு ஒரு தடயம் இருக்கு. 12ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுப் பர்மிய மொழியில் மெய்யெழுத்துக்குப் பின்னால் வரும் 'ல' ஒலி, இன்றைய ரங்கூன் பேச்சில் மறைந்துவிட்டது. தாவேயிலும் இன்லேயிலும் அது பிழைத்திருக்கிறது.

அப்புறம் அந்த மிதக்கும் தோட்டங்கள். நீரில் மிதக்கும் புல், வேர்ப் படுகையை நீள நீளமாக அறுத்து, படகில் இழுத்து வந்து, மூங்கில் கழிகளை அடித்து நிறுத்துகிறார்கள். மேலே ஏரிப்பாசியும் சேறும். தண்ணீர் ஏறினால் தோட்டமும் ஏறும். எவ்வளவு பழசு என்று வியந்துகொண்டே பார்த்தால், விளைவது தக்காளி! தென் அமெரிக்கச் செடி. ஏரியை அடைக்கும் ஆகாயத்தாமரையும் அங்கிருந்து வந்ததுதான். தாமரைத் தண்டை ஒடித்து நூலிழுத்து நெய்யும் புகழ்பெற்ற துணிக்கும் வயது சுமார் நூறுதான். முதலில் ஒரு பிக்குவுக்கு அங்கி நெய்யத் தொடங்கியது என்கிறார்கள்.

நாம் 'பாரம்பரியம்' என்று சொல்வதெல்லாம் யாரோ ஒரு தலைமுறை பிழைப்புக்காகக் கண்டுபிடித்தது. அதற்கு விலையும் உண்டு. 1960களுக்குப் பிறகு தக்காளித் தோட்டங்கள் பெருகின. 1935இல் சுமார் 69 சதுர கிலோமீட்டராக இருந்த திறந்த நீர்ப்பரப்பு, 2000இல் 47க்குக் கீழே போய்விட்டது. பெரும் பங்கு இந்தத் தோட்டங்களால். உரமும் பூச்சிமருந்தும் அதே தண்ணீரில்தான் இறங்குகின்றன, மீனும் அதில்தான். தோட்டத்தை விடு என்று யார் சொல்வது? சோறு அதில்தானே இருக்கு.

ஐந்து நாளுக்கு ஒருமுறை இடம் மாறிக் கூடும் சந்தையில் நான் நின்றிருக்கிறேன். மலையிலிருந்து பாஓ மக்கள், படகில் இந்தாக்கள். தக்காளிக்கூடை, காய்ந்த மீன், விறகு. அங்கே யாரும் போஸ் கொடுக்கவில்லை. நான் எடுத்த படங்களும் சுமாராகவே வந்தன. அவற்றை எங்கும் போடவில்லை.

2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில் ஏரிக் கிராமங்களில் கால்நட்டுக் கட்டிய வீடுகள் நிறைய சரிந்து தண்ணீரில் விழுந்தன. செய்தி பார்த்ததும் அந்தப் படத்தைத் திறந்தேன். அந்த மனிதர் இருக்கிறாரா, வீடு நிற்கிறதா, யாரிடம் கேட்பது? பெயர் தெரியாது. அன்று நான் கேட்கவே இல்லை. மாறாத வாழ்க்கைக்குப் பெயர் எதற்கு என்று நினைத்தேனோ என்னவோ.

பழைய வரியை அழித்துவிட்டேன். அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று இன்னும் தெரியவில்லை.