சவரக்கத்தியும் நம் உருக்கும்

கராடியில் நண்பர்கள் சிலர் கூடிப் பழைய மடக்குச் சவரக்கத்திகளைச் செப்பனிடக் கற்று வருகிறோம். முனிவர்கள் கேசலோசம் செய்யும் சமயத்தில் பிறந்தவனுக்குக் கத்தி எதற்கென்று வீட்டில் கேலி! ஆனால் அந்த இரும்பின் கதையில் நமக்கும் பங்குண்டு.

1794இல் பம்பாயிலிருந்த மருத்துவர் ஹெலினஸ் ஸ்காட், 'ஊட்ஸ்' என்ற உருக்குக் கட்டிகளை லண்டன் ராயல் சொசைட்டித் தலைவர் ஜோசப் பாங்க்ஸுக்கு அனுப்பினார். தமிழ் 'உருக்கு', கன்னட 'உக்கு' இவற்றின் திரிபே அப்பெயர் என்பர். ஈரோட்டை அடுத்த கொடுமணல் அகழாய்வில் உருக்கு உலைகளின் தடயம் கிடைத்துள்ளது. லண்டனில் சவரக்கத்தி செய்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட், ஐரோப்பிய உருக்கைவிட இதுவே மேல் என்று விளம்பரமே செய்தார். மைக்கேல் பாரடேயுடன் சேர்ந்து ஆராய்ந்து 1820இல் கட்டுரையும் வெளியிட்டார். பாரடே தம் கலப்பு உருக்கில் சவரக்கத்தி செய்வித்து நண்பர்களுக்குக் கொடுத்தாராம்.

அதற்காக ஷெஃபீல்டு கத்தியெல்லாம் நம் இரும்பு என்று சொல்ல மாட்டேன். அங்கே ஹன்ட்ஸ்மன் 1740களிலேயே தனியாக மூசையில் உருக்குக் காய்ச்சிவிட்டார்.

செப்பனிடுவதில் அவசரம் கூடாது. மோட்டார் சாணையில் பிடித்தால் சூடேறி நீலம் பாயும், பதம் போச்சு! தண்ணீர் விட்ட கல்லில் முதுகும் வாயும் சேர்ந்து படிய, வாய் முன்னே போகத் தீட்டணும். தோல்வாரில் முதுகு முன்னே போகணும். ஊரில் முதிய நாவிதர் யாராவது இருந்தால், அவர் கை போகும் விதத்தைப் பார்த்தாலே புரியும்.