மோட்டார் சைக்கிள் ஒயர் அளவு: கடலூர், சிதம்பரம் வட்டாரம்

மோட்டார் சைக்கிளை வாங்கிய பிறகு பொருத்தும் ஃபாக் லைட், கூடுதல் ஹாரன், செல்போன் சார்ஜர் முதலிய துணைக் கருவிகளுக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் செம்பு ஒயரின் குறுக்குவெட்டுப் பரப்பே ஒயர் அளவு எனப்படும். கருவி இழுக்கும் ஆம்பியர், ஒயரின் நீளம், வழியில் விட்டுக்கொடுக்கக்கூடிய வோல்ட் ஆகிய மூன்றும் அதை முடிவு செய்கின்றன. கடலூர் முதுநகரிலிருந்து பரங்கிப்பேட்டை, கிள்ளை வரையிலான கரையோரத்தில் உப்புக்காற்றையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

அளவுகளின் வரலாறு: கம்பி இழுக்கும் பட்டறைகளில் கம்பியை அச்சுத் துளைகளின் வழியே மீண்டும் மீண்டும் இழுத்து மெல்லியதாக்கினர். எத்தனை முறை இழுத்தது என்பதே கேஜ் எண்ணுக்கு அடிப்படை. ஆகவே எண் கூடக்கூடக் கம்பி மெலியும். அமெரிக்காவின் பிரவுன் அண்ட் ஷார்ப் நிறுவனம் 1857இல் ஒரு வரிசையை வகுத்தது. பிரிட்டன் தன்னுடைய வரிசையை 1884இல் சட்டபூர்வமாக்கியது. இந்தியாவில் வேரூன்றியது பிரிட்டன் கேஜ். இரண்டும் ஒன்றல்ல: பிரிட்டனின் 18 கேஜ் 1.17 சதுர மி.மீ., அமெரிக்காவின் 18 கேஜ் 0.82 சதுர மி.மீ. வெளிநாட்டு அட்டவணையைப் பார்த்து இங்கே ஒயர் கேட்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

தமிழ்நாட்டு மின்பொருள் கடைகளில் 1/18, 3/22, 7/20 என்று கேட்கும் வழக்கம் இந்தக் கேஜிலிருந்து வந்தது. கோட்டுக்கு முன்னுள்ள எண் இழைகளின் எண்ணிக்கை, பின்னுள்ளது ஒவ்வோர் இழையின் கேஜ். இவை வீட்டு ஒயரிங்குக்கு உரியவை. வளைந்து கொடுக்க வேண்டிய இடத்துக்கு 14/36, 23/36, 40/36 என்ற மெல்லிழை ஒயர்கள் உண்டு. 36 கேஜ் இழையின் விட்டம் 0.193 மி.மீ.; ஆகவே 23/36 ஏறக்குறைய 0.67 சதுர மி.மீ., 40/36 ஏறக்குறைய 1.17 சதுர மி.மீ. வீட்டுக்குப் போடும் 3/22 ஒயரும் 1.19 சதுர மி.மீ. தான். பரப்பில் இரண்டும் ஏறத்தாழச் சமமாக இருந்தாலும் மோட்டார் சைக்கிளுக்கு 3/22 ஆகாது. ஹேண்டில்பார் திரும்பும் இடத்திலும் இன்ஜின் அதிர்விலும் தடித்த இழை மூன்றும் விரைவில் ஒடிந்துவிடும். நாற்பது மெல்லிழை தாங்கும். 1956ஆம் ஆண்டின் எடை, அளவைச் சட்டத்தைத் தொடர்ந்து நாடு மெட்ரிக் முறைக்கு மாறியது. அதன்படி 24/0.2 என்பது 0.75 சதுர மி.மீ., 32/0.2 என்பது 1, 30/0.25 என்பது 1.5, 50/0.25 என்பது 2.5. இங்கே இரண்டாம் எண் இழையின் விட்டம், மில்லிமீட்டரில். ஒயர்ச் சுருளில் சதுர மி.மீ. அச்சிட்டிருந்தாலும் பழைய எண்கள் பேச்சில் இன்னும் வழங்குகின்றன.

வோல்ட்டும் மாறியது. 1955இல் உருவான என்ஃபீல்டு இந்தியா திருவொற்றியூரில் தயாரித்த தொடக்கக்காலப் புல்லட்டுகள் 6 வோல்ட்டில் ஓடின. பின்னர் வண்டிகள் 12 வோல்ட்டுக்கு மாறின. 24 வாட் பல்பு 6 வோல்ட்டில் 4 ஆம்பியர் இழுக்கும். 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் போதும். ஒயர் அதேதான் என்றால் வோல்ட் இழப்பின் விழுக்காடு நான்கில் ஒரு பங்காகக் குறையும். 12 வோல்ட்டுக்கு மாறியதன் பெரும் பயன் இதுவே.

கணக்கிடும் முறை: வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். 55 வாட் ஹாலஜன் விளக்கு இரண்டு என்றால் 110 வாட், அதாவது 9.2 ஆம்பியர். பேட்டரியிலிருந்து விளக்கு ஒன்றரை மீட்டர் என்றால், எர்த் ஒயரையும் சேர்த்து மூன்று மீட்டர். 0.75 சதுர மி.மீ. ஒயரில் மீட்டருக்கு 0.026 ஓம் தடை, இழப்பு 0.72 வோல்ட், அதாவது 6 விழுக்காடு. 1.5 சதுர மி.மீ. போட்டால் இழப்பு 0.37 வோல்ட், 3 விழுக்காடு. ஹாலஜன் விளக்கில் வோல்ட் 6 விழுக்காடு குறைந்தால் வெளிச்சம் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். ஆகவே 3 விழுக்காடே எல்லை. ஒயர் சூடாகவில்லை என்பதை மட்டும் வைத்து அளவு சரி என்று கொள்வது தவறு.

கரையோர நிலை: உப்பு ஈரம், வெட்டிய முனை வழியாக உறைக்குள் ஏறிச் செம்பில் பச்சைக் களிம்பு பிடிக்கச் செய்கிறது. இழைகள் அரிபட்டால் அந்த இடத்தில் தடை உயர்ந்து சூடேறும். மீன் பெட்டியின் உப்புநீர் சொட்டும் வண்டிகளில் பின்விளக்கு ஒயரும் எர்த் முனையும் முதலில் கெடும். வடகிழக்குப் பருவமழையில், ஒயர்களை இணைக்கும் கப்ளருக்குள் தண்ணீர் நிற்கும். வெள்ளீயம் பூசிய செம்பு ஒயரும், உள்ளே பசையுள்ள சுருங்கு ஸ்லீவும் இதற்குத் தீர்வு. வெறும் இன்சுலேஷன் டேப் தீர்வாகாது. முனைக்கு லக் அடிப்பதே முறை. ஈயம் வைத்த இடம் விறைத்து, அதன் ஓரத்தில் அதிர்வால் ஒடியும். செம்பு பூசிய அலுமினிய ஒயரை அறவே தவிர்க்க வேண்டும். அதே அளவில் அதன் தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு.

பியூஸ், ரிலே: பியூஸ் ஒயரைக் காப்பதற்கானது. கருவி இழுப்பதைவிடச் சற்றுக் கூடுதலாகவும், ஒயர் தாங்குவதைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும். பேட்டரிக்கு மிக அருகில் அமைய வேண்டும். மேற்சொன்ன விளக்குகளுக்கு 1.5 சதுர மி.மீ. ஒயரும் 15 ஆம்பியர் பியூஸும் பொருந்தும். சுவிட்சின் சிறு மின்னோட்டத்தைக் கொண்டு விளக்கின் பெரிய மின்னோட்டத்தை இயக்குவது ரிலே. அதில் விளக்கு மின்சாரம் பாயும் 30, 87 முனைகளுக்கே தடித்த ஒயர் வேண்டும். 85, 86 முனைகள் ரிலேயின் உள்ளிருக்கும் காந்தச் சுருளுக்கு உரியவை, அவற்றுக்கு 0.5 சதுர மி.மீ. போதும்.

இன்றைய நிலை: 2017 ஏப்ரல் 1 முதல் புது இருசக்கர வாகனங்களின் ஹெட்லைட் எப்போதும் எரிவதால் உபரி மின்சாரம் குறைந்தது; எல்இடி விளக்குகள் தேவையையும் குறைத்துள்ளன. தயாரிப்பாளரின் அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது.

40 வாட் எல்இடி இணைக்குக் கணக்குப்படி 0.75 சதுர மி.மீ. போதும். ஆயினும் கடலூர், சிதம்பரம் கரையோர வண்டிகளில் விளக்கு, ஹாரன், சார்ஜர் எதற்கும் மெயின் ஒயரும் எர்த் ஒயரும் 1 சதுர மி.மீ.க்குக் குறையாமல் போடுவதே தக்கது.