எல்வ்களின் மொழியில் நத்தார் வாழ்த்துச் சொல்வது எப்படி?

மார்கழி வந்தால் டோல்கீன் ரசிகர்களுக்கு ஒரு வழக்கமான வேலை இருக்கிறது. எல்வ்களின் மொழியான குவென்யாவில் நத்தார் வாழ்த்து எழுதி ஒருவருக்கொருவர் அனுப்புவார்கள். குவென்யாவில் ‘அலஸ்ஸே’ என்றால் மகிழ்ச்சி. ‘மெரெந்தே’ என்றால் விருந்து, விழா. கிறிஸ்துவுக்கு ‘ஹ்ரிஸ்தோ’. இதுகளைக் கோர்த்து, அந்த வளைந்த தெங்வார் எழுத்தில் எழுதிவிட்டால் பார்க்க நல்ல வடிவாகத்தான் இருக்கும்.

மூன்று சொல்லும் ஜே. ஆர். ஆர். டோல்கீன் எழுதி வைத்தவைதான். ஆனால் அவர் படைத்த ‘மத்திய உலக’த்தில் ஒருத்தரும் இந்த வாழ்த்தைச் சொல்லியிருக்க ஏலாது. அங்கே கிறிஸ்து பிறக்கவில்லை, அதனால் நத்தார் இல்லை என்று சொல்லிவிட்டுப் போகலாம். அது சரிதான், ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை.

டோல்கீன் 1925இலிருந்து ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் பழைய ஆங்கிலத்துக்குப் பேராசிரியர். சின்ன வயதிலிருந்தே மொழிகளை உருவாக்குவது அவருக்குப் பொழுதுபோக்கு. கொஞ்சம் கூச்சத்தோடு ஒளித்து வைத்திருந்த பொழுதுபோக்கு என்றும் சொல்லலாம். 1931இல் ஒக்ஸ்போர்டில் ஆற்றிய ஓர் உரைக்கு அவர் வைத்த பெயரே ‘ஒரு இரகசியத் தீய பழக்கம்’ என்ற பொருளில்தான் இருக்கும். அந்த உரையில் அவர் சொன்ன முக்கியமான கருத்து: ஒரு மொழியை ஒழுங்காக உருவாக்கப் போனால் அதோடு சேர்ந்து ஒரு தொன்மக் கதையும் பிறக்கத்தான் செய்யும். இலக்கணமும் அகராதியும் மட்டும் இருந்தால் அது மொழி இல்லை. அதைப் பேசுகிற சனம் வேண்டும், அந்தச் சனத்துக்கு ஒரு பழைய காலம் வேண்டும்.

1958இல் மகன் கிறிஸ்டோஃபருக்கு எழுதின கடிதத்தில் இன்னும் ஒரு படி மேலே போகிறார். ‘லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்’ எதைப் பற்றினது என்று கேட்கிறவர்களுக்கு அவர் வைத்திருந்த பதில், ஒரு குறிப்பிட்ட வாழ்த்துச் சொல் சாதாரணமாகப் புழங்கக்கூடிய ஓர் உலகத்தை உண்டாக்கிப் பார்த்தேன் என்பதுதான். வாழ்த்து முதலில் வந்ததாம், புத்தகம் பிறகுதானாம். அந்த வாழ்த்தைக் கதையில் ஃபுரோடோ, காட்டுவழியில் சந்திக்கிற எல்வ்களுக்குச் சொல்கிறான். நாம் சந்திக்கும் இந்த நேரத்தின்மேல் ஒரு நட்சத்திரம் ஒளிர்கிறது என்பது அதன் கருத்து. எல்வ்கள் உலகத்தில் முதன்முதல் கண்விழித்தபோது சூரியனும் இல்லை, சந்திரனும் இல்லை, வானத்தில் நட்சத்திரங்கள் மட்டும்தான் இருந்தன என்பது அவர்களுடைய கதை. அதனால்தான் அவர்கள் ‘நல்ல நாள்’, ‘காலை வணக்கம்’ என்றெல்லாம் சொல்லாமல் நட்சத்திரத்தைச் சொல்கிறார்கள். அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு இனத்தின் முழு ஞாபகமும் நிற்கிறது.

அதே வாழ்த்தில் தமிழ் ஆட்களுக்கு மட்டும் உடனே விளங்கக்கூடிய ஒரு விசயம் இருக்கிறது. ‘நம்முடைய சந்திப்பு’ என்று வருகிற சொல்லின் முடிவு முதற்பதிப்பில் ‘ல்மோ’ என்று இருந்தது. 1960களில் வந்த இரண்டாம் பதிப்பில் அதை ‘ல்வோ’ என்று மாற்றினார். காரணம், குவென்யாவில் கேட்கிறவரையும் சேர்க்கிற ‘நாம்’ வேறு, அவரைச் சேர்க்காத ‘நாங்கள்’ வேறு. இடையில் அவர் இலக்கணத்தைத் திருத்தினதால் பழைய ஒட்டு எதிரில் நிற்கிறவரை வெளியே தள்ளிவிடும் நிலை வந்துவிட்டது. சந்திக்கிற ஆளிடமே ‘உன்னை விட்டுட்டு நாங்கள் சந்திக்கிறம்’ என்று சொன்னால் எப்படி இருக்கும்? ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால், ஓர் எழுத்துக்காக ஏன் இந்தப் பாடு என்று ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் நினைக்கலாம். எங்கட பேச்சில் ‘நாம்’ கொஞ்சம் தேய்ந்து போனாலும், எழுத்தில் இந்த வித்தியாசத்தை விடாமல் வைத்திருக்கிற எங்களுக்கு அது அற்ப விசயமாகத் தெரியாது.

சரி, குளிர்காலத்துக்கு வருவோம். ரிவெண்டெல்லில் இருந்த எல்வ்களின் நாட்காட்டியை டோல்கீன் நூலின் பின்னிணைப்பில் விளக்கமாகத் தருகிறார். அவர்களுக்கு வருடத்தில் ஆறு பருவங்கள். குளிர்காலத்துக்கு ‘ஹ்ரீவே’ என்று பெயர், அதற்கு 72 நாள். அதற்குப் பிறகு ‘கொய்ரே’ என்று 54 நாளில் ஒரு பருவம், மண்ணுக்கு அடியில் உயிர் அசையத் தொடங்குகிற காலம். வருடத்தின் முதல் நாள் ‘யெஸ்தாரே’ இதற்கெல்லாம் பிறகு, வசந்தத்தோடு, ஏறக்குறைய ஏப்ரல் 6இல் வருகிறது. (எங்கட சித்திரைப் புத்தாண்டுக்கு ஒரு கிழமை முந்தி. இது தற்செயல்தான், இதை வைத்து எல்வ்களும் தமிழர்தான் என்று யாரும் தொடங்கிவிட வேண்டாம்.) வருடத்துக்கு அவர்கள் சொல்கிற ‘லோஆ’ என்ற சொல்லுக்கே வளர்ச்சி என்றுதான் பொருள். ஆகவே டிசம்பர் கடைசியில் குவென்யாவில் ‘புத்தாண்டு வாழ்த்து’ அனுப்பினால் ஒரு ரிவெண்டெல் எல்வ் உங்களை விநோதமாகப் பார்ப்பான்.

நூமெனோர் தீவின் மனிதர்களும் குவென்யாவை அறிந்தவர்கள். அவர்களுடைய நாட்காட்டியில் ஆண்டு நடுக்குளிர்காலத்தில்தான் தொடங்கியது. அப்படியென்றால் அங்கேயாவது ஒரு பெரிய குளிர்காலத் திருவிழா இருந்திருக்க வேண்டுமே? அவர்கள் மலையுச்சிக்கு ஏறி இறைவனை வணங்கிய மூன்று பெருநாட்களை டோல்கீன் குறிப்பிடுகிறார். வசந்தத் தொடக்கத்தில் வேண்டுதல், நடுக்கோடையில் துதி, இலையுதிர்கால முடிவில் நன்றி. நடுக்குளிர்காலத்தில் ஒன்றும் இல்லை. அந்த மூன்று நாட்களிலும்கூட அரசனைத் தவிர வேறு யாரும் அந்த உச்சியில் வாய் திறப்பதில்லை. வாழ்த்து அட்டைக்கு அங்கே வேலையே இல்லை.

குளிர்கால விழாவை உண்மையாகவே கொண்டாடுகிறவர்கள் ஹொபிட்டுகள்தான். ஆண்டின் கடைசி நாளும் முதல் நாளும் அவர்களுக்கு ‘யூல்’ நாட்கள். முன்னும் பின்னும் சேர்த்து ஆறு நாள் கொண்டாட்டம். இந்த யூல் டோல்கீனின் கண்டுபிடிப்பு இல்லை. 725இல் பீட் என்ற ஆங்கிலத் துறவி காலக்கணிப்புப் பற்றி எழுதின நூலில், ஆங்கிலேயரின் முன்னோர் கிறிஸ்தவத்துக்கு முந்தி வருடத்தை டிசம்பர் 25இல் தொடங்கினார்கள் என்றும், குளிர்காலச் சூரியத் திருப்பத்தை ஒட்டின இரண்டு மாதங்களுக்கும் ‘கியூலி’ என்று பெயர் என்றும் குறித்து வைத்திருக்கிறார். புதிய மதம் வந்தது, பழைய விழாவின் பெயர் சாகவில்லை. யூல் என்றால் ஆங்கிலத்தில் இன்றைக்கும் நத்தார்தான். ஹொபிட்டுகளின் டிசம்பருக்கு ‘முன்யூல்’, ஜனவரிக்கு ‘பின்யூல்’ என்று பெயர் வைக்கும்போது டோல்கீன் தன்னுடைய பாடத்தைத்தான் கதைக்குள் கொண்டுபோகிறார். இலங்கைத் தமிழில் நாங்கள் சொல்கிற ‘நத்தார்’ போர்த்துக்கேயரின் ‘நத்தால்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. விழாக்களின் பெயர்கள் இப்படித்தான், யாரோ ஒருவருடைய கப்பலிலோ பழைய நாட்காட்டியிலோ ஏறி வந்துவிடுகின்றன.

டோல்கீன் தீவிரமான கத்தோலிக்கர். அப்படியிருந்தும் தன் கதைக்குள் அதை வெளிப்படையாகக் கொண்டுவர அவர் விரும்பவில்லை. ஆனால் பின்னிணைப்பில் உள்ள கால அட்டவணையைப் பாருங்கோ: ஒன்பது பேரும் ரிவெண்டெல்லை விட்டுப் புறப்படுகிற நாள் டிசம்பர் 25. மோதிரம் அழிகிற நாள் மார்ச் 25, கத்தோலிக்க நாட்காட்டியில் மரியாளுக்கு மங்களவார்த்தை சொல்லப்பட்ட நாள். புறப்படுகிற அந்த நாளில் விழாவும் இல்லை, வாழ்த்தும் இல்லை. கறுக்கலில் சத்தம் போடாமல் நடக்கத் தொடங்குகிறார்கள். நல்ல நத்தார் வாழ்த்து எதையும் விட இந்த மௌனம் எனக்குப் பிடித்திருக்கிறது.

கதைக்கு வெளியே அவர் இவ்வளவு இறுக்கமாக இருக்கவில்லை. கத்தோலிக்க செபங்கள் சிலதைக் குவென்யாவில் மொழிபெயர்த்து வைத்திருந்தார். அவை 2002இல்தான் அச்சில் வந்தன. அவற்றில் ஒன்று, கிறிஸ்து பிறந்த இரவில் இடையர்களுக்கு வானதூதர்கள் பாடியதாக லூக்கா நற்செய்தி சொல்கிற புகழ்ச்சியின் தொடக்கம். குவென்யாவில் நத்தாருக்கு டோல்கீனின் கையாலேயே எழுதின ஒன்று வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் அதைத்தான் காட்டுவேன். அது ஒருவருக்கொருவர் சொல்கிற வாழ்த்து இல்லை, வேண்டுதலின் மொழி.

வீட்டிலோ வேறு கதை. 1920இலிருந்து 1943 வரை ஒவ்வொரு வருடமும் நத்தார் பாப்பா எழுதுவதுபோல் தன் நான்கு பிள்ளைகளுக்கும் கடிதம் எழுதினார். குளிரில் நடுங்குகிற கையெழுத்து, கையால் வரைந்த வடதுருவ முத்திரை எல்லாம் அதில் உண்டு. நத்தார் பாப்பாவுக்கு உதவியாக ஒரு குழப்படிக்காரத் துருவக் கரடி. 1929ஆம் ஆண்டுக் கடிதத்தில் அந்தக் கரடி தன்னுடைய ‘ஆர்க்டிக்’ மொழியில் ஒரு வசனம் எழுதிக் காட்டுகிறது. குவென்யா படித்தவர்கள் பார்த்தால் சிரிப்பார்கள், ஏனென்றால் அது கிட்டத்தட்ட குவென்யாவேதான். ‘லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்’ வெளிவர இன்னும் கால் நூற்றாண்டு இருந்தது. எல்வ்களின் மொழியை அந்தப் பிள்ளைகள் ஒரு கரடியின் வாயால் வாசித்துவிட்டார்கள். அந்த வசனமும் நத்தார் வாழ்த்து இல்லை. அடுத்த முறை காணும்வரை போய்வருகிறேன், அது கெதியில் நடக்கும் என்று நம்புகிறேன், அவ்வளவுதான்.