லினக்ஸ்: திரும்ப நிறுவுவதா, மேம்படுத்துவதா?

லினக்ஸில் புதிய பதிப்பு வரும்போதெல்லாம் நண்பர்களுக்குள் ஒரு விவாதம் கிளம்பும். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவுவதா, இருப்பதை அப்படியே மேம்படுத்துவதா? இது அவரவர் விருப்பம் என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால் இதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. நம் வணிகவியல் பாஷையில் சொன்னால், ஒழுங்காகக் கணக்கு எழுதக் கற்றுக்கொண்ட வரலாறு!

1993-ல் பேட்ரிக் வோல்கர்டிங் ஸ்லாக்வேரை வெளியிட்டார். எந்தப் பொதி எதைச் சார்ந்தது என்ற குறிப்பு அதில் கிடையாது. பயனரே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அதே ஆண்டு ஆகஸ்டில் இயன் மர்டாக் டெபியனைத் தொடங்கினார். அதன் டிபிகேஜி என்ற கருவி, எந்தக் கோப்பு எந்தப் பொதிக்குச் சொந்தம், எதற்கு எது தேவை என்றெல்லாம் பேரேடு போலப் பதிந்து வைக்கிறது. அமைப்புக் கோப்பை நீங்கள் திருத்தியிருந்தால், கேட்காமல் அதன்மேல் எழுதாது.

பெரிய சோதனை 1998 ஜூலையில் வந்தது. டெபியன் 2.0 லிப்சி5-லிருந்து லிப்சி6-க்கு மாறியது. ஏறக்குறைய எல்லா நிரல்களுக்கும் இந்த நூலகம்தான் அஸ்திவாரம். குடியிருந்துகொண்டே அஸ்திவாரத்தை மாற்றும் வேலை! வரிசை தவறாமல் பொதிகளை ஏற்ற ஆட்டோஅப் என்று ஒரு ஸ்கிரிப்ட் தந்தார்கள். 1999 மார்ச்சில் டெபியன் 2.1-உடன் ஆப்ட் வந்தது. சரியான வரிசையை அதுவே கணக்கிட்டது.

பேரேடு மட்டும் இருந்தால் போதுமா? போதாது. ரெட் ஹாட்டிடம் 1995 முதலே ஆர்பிஎம் இருந்தது. ஆனாலும் 2010-ல் அதன் நிறுவனப் பதிப்பு 6 வந்தபோது, 5-லிருந்து நேரடியாக மேம்படுத்த ஆதரவு இல்லை. புதிதாகத்தான் நிறுவ வேண்டும். பழையதிலிருந்து புதியதற்குப் போகும் பாதையை யாராவது சோதித்துப் பார்த்திருக்க வேண்டும் அல்லவா? 2019-ல் பதிப்பு 8-க்கு வந்த லீப் என்ற கருவி, முதலில் கணினியைத் தணிக்கை செய்து தடைகளைப் பட்டியலிட்டது. மாற்றமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஆக, உங்கள் பொதிகள் எல்லாம் அதிகாரப்பூர்வக் களஞ்சியத்திலிருந்து வந்தவை என்றால் தைரியமாக மேம்படுத்தலாம். வெளியிலிருந்து கண்டதையும் ஏற்றியிருந்தால் பேரேடு பொய் சொல்லும். புதிதாக நிறுவுவதே நிம்மதி. ஹோம் பகிர்வு தனியாக இருந்தால் உங்கள் கோப்புகள் தப்பும். ஆனால் இடிசி அடைவில் வருடக்கணக்கில் செய்த திருத்தங்கள் போய்விடும். எந்த வழியில் போனாலும் முதலில் ஒரு பேக்கப் எடுத்துவிடுங்கள். அதற்கு மாற்று இன்றுவரை வரவில்லை!