சகோதரியர் இருவர் கண்ட சென்னை

வரலாறு என்றவுடன் மன்னர்களின் பெயர்களும் போர்கள் நிகழ்ந்த ஆண்டுகளுமே மாணவர் பலருக்கு நினைவில் எழுகின்றன. கல்வெட்டும் செப்பேடும் கொடையைக் கூறும், வெற்றியைக் கூறும். ஓர் ஊரின் அடுக்களையில் என்ன சமைத்தார்கள், அவ்வூர் ஏரியில் எந்தப் பறவை இரை தேடியது என்பவற்றை அவை அரிதாகவே கூறும். அவற்றை அறிய வேறு சான்றுகளை நாட வேண்டும். அத்தகைய சான்று ஒன்றைப் பற்றியே இங்குக் கூற விரும்புகின்றேன்.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் உச்சநீதிமன்றம் ஒன்று புதிதாக நிறுவப்பெற்றது. அதன் நீதிபதிகளுள் ஒருவராக 1801-இல் இங்கிலாந்திலிருந்து வந்தவர் சர் ஹென்றி குவில்லிம். அவருடன் அவர் மனைவி எலிசபெத் அம்மையாரும், அம்மையாரின் தங்கை மேரி சைமண்ட்ஸும் வந்தனர். சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது 1869-இல் அன்றோ? ஆகவே அந்நாளில் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றியே வரவேண்டும். தாய்க்கு எழுதிய மடலுக்கு மறுமொழி கிடைக்க ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். அவ்வாறிருந்தும் சகோதரியர் இருவரும் சலிக்காமல் எழுதினர். உணவு, உடை, வெயில், தோட்டம், பணியாளர், திருவிழா என அன்றாடம் கண்டவை யாவும் அம்மடல்களில் இடம்பெற்றன. அவை இன்று நான்கு தொகுதிகளாக லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன.

எலிசபெத் அம்மையார் தெலுங்கு கற்றார். பின்னாளில் தமிழ்–ஆங்கில அகராதியால் புகழ்பெற்ற ராட்லர் பாதிரியாரிடம் தாவரவியல் பயின்றார். இவற்றினும் மேலாக, இப்பகுதியின் பறவைகளை வண்ணத்தில் வரைந்தார். பறவை பிடிப்போர் உயிருடன் கொண்டுவந்தவற்றை முன்னே வைத்து, இறகின் அடுக்கும் காலின் செதிலும் பிறழாமல் தீட்டினார். பல பறவைகளை உண்மை அளவிலேயே வரைந்திருக்கின்றார். தங்கை மேரி மீன்களை வரைந்தார். பறவை ஓவியத்தில் உலகப் புகழ் பெற்ற அமெரிக்கர் ஆடுபான் தம் பெருநூலை வெளியிடத் தொடங்கியது 1827-இல். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, 1807 டிசம்பரில், எலிசபெத் அம்மையார் சென்னையில் காலமாகிவிட்டார். ஓவியங்கள் நூறாண்டுக்கு மேல் மறைந்து கிடந்தன. 1920-களில் கேசி வுட் என்னும் அறிஞர் லண்டனில் அவற்றைக் கண்டெடுத்தார். இன்று அவை கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் காக்கப்படுகின்றன.

இச்சான்றுகளை எவ்வாறு மதிப்பிடுவது? மடல்களை எழுதியவர்கள் ஆளும் வகுப்பைச் சேர்ந்தவர்கள். அவர்கள் இங்கு இருந்தபோதே, 1806-இல், வேலூரில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். நாட்டு மக்களைப் பற்றி அவர்கள் எழுதியவற்றை, யார் கண் கொண்டு பார்த்தார்கள் என்று கேட்டே ஏற்கவேண்டும். ஆனால் ஓர் இறகின் நிறத்தை எந்த வகுப்பினர் வரைந்தாலும், இன்றும் அப்பறவையோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம். கண்டதைக் கண்டபடி பதிந்த சான்றுக்கு உள்ள வலிமை இதுவே.

நம்மவர்கள் பறவைகளைப் பார்க்கவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். நாரையைத் தூதுவிட்ட புலவர் பிறந்த நாடு இது. எனினும் பாட்டு வேறு, பதிவு வேறு. எந்த ஏரியில், எந்த மாதத்தில், எத்தனை நாரைகள் என்று பாட்டு சொல்லாது. சொல்லவேண்டிய கடமையும் அதற்கில்லை.

இதன் இழப்பை எங்கள் பகுதியில் நான் உணர்ந்திருக்கின்றேன். சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், கொரட்டூர், பருத்திப்பட்டு, செம்பரம்பாக்கம் என ஏரிகள் நிறைந்த நிலம் எங்களுடையது. எங்கள் பக்கம் வரும் கூவமே, குவில்லிம் குடும்பத்தார் வாழ்ந்த நகரத்தினூடே சென்று கடலில் கலக்கின்றது. 1960-களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் எழுந்தன. பல்லாயிரம் குடும்பங்கள் அவற்றால் வாழ்வு பெற்றன. வயல்கள் மனைகளாயின, ஏரிகள் சுருங்கின. தலைமையாசிரியராக இருந்தபோது ஒருமுறை, முன்பு ஏரிக்கு என்னென்ன பறவைகள் வந்தன என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதிவருமாறு மாணவர்களைப் பணித்தேன். ஏறத்தாழ எல்லா ஏடுகளிலும் ஒரே விடைதான் இருந்தது: "நிறைய வந்தன." இன்ன பறவை என்றோ, இன்ன மாதம் என்றோ எழுதியவர் ஓரிருவரே.

"நிறைய" என்பது அளவு ஆகாது. எவ்வளவு இருந்தது என்று தெரியாதபோது எவ்வளவு இழந்தோம் என்றும் தெரியாது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் இப்பகுதியில் பறந்த பறவைகளை அறிய நாம் கனடாவை நோக்க வேண்டியிருக்கின்றது. இன்று பறப்பவற்றை அறியப் பின்வருவோர் எங்கே நோக்குவர்?

இன்றும் கொரட்டூர் ஏரிக்கும் பருத்திப்பட்டு ஏரிக்கும் கூழைக்கடாக்கள் வருகின்றன. மாணவர்களே, ஒரு குறிப்பேடு எடுங்கள். நாள், இடம், பறவையின் பெயர், எண்ணிக்கை என நான்கு பத்திகள் இடுங்கள். பெயர் தெரியாவிடில் அலகையும் காலையும் வரைந்து வையுங்கள். வாரம் ஒருமுறை எழுதினாலும் போதும். வரலாற்றைப் படிக்கும் நீங்கள் அதற்குச் சான்று அளிப்பவராகவும் ஆகலாம்.